குழந்தைகள் ஓடியாடும் பொது அறையில் ஹோம் தியேட்டர்: எதை எங்கே வைப்பது?

ஒன்றரை வயதில் ஒன்று, ஐந்து வயதில் ஒன்று என இரண்டு பிள்ளைகள். தனி அறை ஒதுக்க வழியில்லை. எல்லோரும் உட்காரும், விளையாடும், படிக்கும் அதே அறையில் பெரிய திரையும் 5.1 ஒலியும் (ஐந்து ஸ்பீக்கர், அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர்) வேண்டும். பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகக் கூடாது, சாமானுக்கும் ஒன்றும் ஆகக் கூடாது. டிவி வாங்கலாமா, தரையோரம் சுவருக்குப் பக்கத்திலேயே வைத்துப் பெரிய படம் காட்டுகிற அல்ட்ரா ஷார்ட் த்ரோ புரொஜெக்டர் வாங்கலாமா என்பதும் உங்கள் சந்தேகம். இதுதான் நீங்கள் கேட்டது.

செய்யலாம். ஆனால் எதை முதலில் முடிவு செய்கிறோம் என்பது முக்கியம். பெரும்பாலும் கருவிகளை வாங்கி அடுக்கிவிட்டு, அப்புறம் பிள்ளைகளிடமிருந்து அவற்றை எப்படிக் காப்பாற்றுவது என்று யோசிக்கிறார்கள். நீங்கள் அப்படியே தலைகீழாகப் போங்கள். பிள்ளையின் கை எங்கெல்லாம் எட்டும், கால் எதிலெல்லாம் ஏறும் என்று முதலில் அறையைப் பாருங்கள். எந்தக் கருவி, எந்த இடம் என்பதை அதுதான் தீர்மானிக்க வேண்டும். "தொடாதே" என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் எதையும் வைக்காதீர்கள். ஒன்றரை வயதில் அந்தச் சொல் புரியும். கையை நிறுத்திக்கொள்ளும் பக்குவம் வந்திருக்காது.

விழுவது, விழுங்குவது, கழுத்தில் சுற்றிக்கொள்வது, மின்சாரம் ஆகிய நான்கும் உயிர் சம்பந்தப்பட்டவை. திரையில் கீறல், நசுங்கிய ட்வீட்டர் (ஸ்பீக்கரில் உச்சத் தொனி தரும் சின்னப் பகுதி), தொலைந்த ரிமோட் எல்லாம் காசு சம்பந்தப்பட்டவை. முதல் வகையை முடிக்காமல் இரண்டாவதற்குச் செலவு செய்யாதீர்கள்.

டிவி விழுவதிலிருந்து தொடங்குகிறேன். இன்றைய டிவி மெல்லியது என்பதால் ஆபத்து குறைவு என்று தோன்றும். 55 அங்குல டிவி ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ இருக்கும். அத்தனை எடையும் இரண்டு ஒல்லியான கால்களில் நிற்கிறது. குழந்தை மேல் விளிம்பைப் பிடித்து இழுத்தால் முன்பக்கமாகச் சாயத் தடையே இல்லை. அதைவிட மோசமானது இழுப்பறை வைத்த உயரமான மேசையின் மேல் டிவி வைப்பது. குழந்தை இழுப்பறைகளைத் திறந்து படியாக்கி ஏறும். திறந்த அறைகளின் எடையும் குழந்தையின் எடையும் சேர்ந்து மேசையையே முன்னால் கவிழ்க்கும், டிவி அதன் மேலேயே வந்து விழும். எனவே சுவரில் மாட்டுங்கள். இதில் மாற்று யோசனை வேண்டாம்.

மாட்டும்போது சுவர் என்ன சுவர் என்று பார்க்க வேண்டும். செங்கல், கான்கிரீட் என்றால் பெட்டியோடு வரும் சாதாரண பிளாஸ்டிக் பிளக்கை நம்பாமல், எடைக்கு ஏற்ற ஆங்கர் போல்ட் வாங்குங்கள். பூச்சுக்குள் மட்டும் நிற்கிற துளை பயனில்லை; பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் போக வேண்டும். உள்ளே வெற்றிடம் உள்ள ஹாலோ பிளாக் சுவருக்கு அதற்கென்றே உள்ள ஆங்கர் உண்டு. ஜிப்சம் பலகைச் சுவர் என்றால் பலகையில் மாட்டவே கூடாது. பின்னால் உள்ள மரச் சட்டம் அல்லது உலோகச் சட்டத்தில் பிடிக்க வேண்டும். டிவியின் பின்புறம் இருக்கும் திருகு துளைகளின் இடைவெளியைத்தான் வெசா அளவு என்கிறார்கள். பெரும்பாலும் 200 × 200, 300 × 300, 400 × 400 மில்லிமீட்டர் என்று இருக்கும். பிராக்கெட் அந்த அளவுக்குப் பொருந்துகிறதா, டிவியின் எடையைப் போல் இரண்டு மடங்காவது தாங்குமா என்று பாருங்கள். முன்னால் இழுத்துத் திருப்பும் கை வைத்த பிராக்கெட்டைச் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன். கை நீட்டிய நிலையில் யாராவது தொங்கினால் சுவர் போல்ட்டின் மேல் விழும் இழுவிசை பல மடங்கு கூடும். சுவரோடு ஒட்டி நிற்கிற, லேசாகக் கீழே சாய்க்க முடிகிற வகை போதும்.

வாடகை வீடு, துளை போட முடியாது என்றால்? முட்டிக்கும் கீழான உயரமுள்ள, அகலமான, கனமான மேசை. அதன் பின் விளிம்புக்கு டிவியைத் தள்ளி வைத்து, டிவியின் வெசா துளைகளிலிருந்து இரண்டு பட்டைகளால் மேசையோடு கட்டுங்கள். இதற்கென்றே சாயாமல் பிடிக்கும் பட்டைகள் கிடைக்கின்றன. ஒரே ஒரு சின்னத் துளைக்காவது வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கி, மேசையைச் சுவரோடு பிணைக்க முடிந்தால் இன்னும் நல்லது. அப்புறம், டிவி மேசையின் மேல் பொம்மையோ ரிமோட்டோ வைக்காதீர்கள். குழந்தை ஏறுவதே பெரும்பாலும் மேலே தெரிகிற ஏதோ ஒன்றை எடுக்கத்தான்.

எவ்வளவு உயரம்? சோஃபாவில் உட்கார்ந்தால் பெரியவர்களின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 105 சென்டிமீட்டரில் இருக்கும். திரையின் நடுப்பகுதி அதற்கு நேராகவோ சற்று மேலாகவோ இருப்பது பார்க்கச் சுகம். ஆனால் 55 அங்குலத் திரையின் உயரம் 68 சென்டிமீட்டர். நடுவை 120-இல் வைத்தால் கீழ் விளிம்பு 86-இல் வரும். இரண்டு வயதுப் பிள்ளையின் தலையே கிட்டத்தட்ட அங்கே இருக்கும், கையைத் தூக்கினால் ஒரு மீட்டருக்கு மேல் எட்டும். நடுவை 145 முதல் 150 வரை ஏற்றினால் கீழ் விளிம்பு 110-ஐத் தாண்டிவிடும். இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் கண்ணை மேலே தூக்க வேண்டிய கோணம் சுமார் 10 பாகைதான். திரையைக் கொஞ்சம் சாய்த்துவிட்டால் கழுத்து வலிக்காது. அதற்கு மேலே, கதவு நிலைக்கு நேராகக் கொண்டுபோய் மாட்டுவது பாதுகாப்பு இல்லை, தண்டனை. பெரியவர்கள் அந்த அறையில் நிறைய நேரம் உட்காரப் போகிறார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். தூரத்துக்கு ஒரு எளிய கணக்கு: திரையின் மூலைவிட்ட அளவைப் போல் 1.6 மடங்கு தள்ளி உட்கார்ந்தால் பார்வையில் 30 பாகை நிறையும். 55 அங்குலத்துக்கு அது 2.25 மீட்டர், 65 அங்குலத்துக்கு 2.65 மீட்டர்.

டிவிக்குக் கீழே மேசையே வேண்டாம் என்பது என் கருத்து. சுவர் காலியாக இருந்தால் ஏற இடமில்லை, நின்று திரையைத் தட்ட இடமில்லை. ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி), செட்-டாப் பாக்ஸ், கேம் கன்சோல் எல்லாவற்றையும் பக்கச் சுவரில், பூட்டக்கூடிய கதவுள்ள அலமாரியில், பெரியவர்களின் இடுப்புக்கு மேலே வையுங்கள். கண்ணாடி அலமாரி வேண்டாம். மூடிய அலமாரியில் இரண்டு சிக்கல் வரும். ஒன்று ரிமோட் சமிக்ஞை உள்ளே போகாது. கதவில் மரத்துக்குப் பதில் ஸ்பீக்கர் துணி போட்டால் பெரும்பாலும் போகும். இல்லையென்றால் சமிக்ஞையை வாங்கி உள்ளே கடத்தும் ஐஆர் ரிப்பீட்டர் என்ற சின்னக் கருவி உண்டு. படமும் ஒலியும் போகும் எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே ஒரு கருவி இன்னொன்றை இயக்கும் சிஇசி வசதியை எல்லாக் கருவியிலும் இயக்கிவிட்டால், ஒரே ரிமோட்டில் காரியம் முடிந்துவிடும்.

இரண்டாவது சிக்கல் வெப்பம். ஏவி ரிசீவர் நன்றாகச் சூடாகும். மேலே குறைந்தது 10 சென்டிமீட்டர், பக்கங்களில் சில சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அலமாரியின் கீழே காற்று நுழைய ஒரு திறப்பு, மேலே பின்புறம் வெளியேற ஒரு திறப்பு. அதுவும் போதவில்லை என்றால் சத்தமில்லாத 120 மில்லிமீட்டர் மின்விசிறி ஒன்றை மேல் திறப்பில் பொருத்துங்கள். பிள்ளைகளுக்குப் பயந்து ரிசீவரைக் காற்றுப் புகாமல் அடைத்து, அது அடிக்கடி தானாக நின்றுபோவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

புரொஜெக்டர் கேள்விக்கு வருகிறேன். எறிந்த பொம்மையால் சுவரோ திரைத்துணியோ உடையாது என்பது புரொஜெக்டரின் பெரிய பலம். டிவி பேனல் ஒரு மரக்கட்டை பட்டாலே போய்விடும்; அதை மாற்றும் செலவு பெரும்பாலும் புது டிவி விலைக்கு அருகில் வந்துவிடும். ஆனால் நீங்கள் யோசிக்கும் அல்ட்ரா ஷார்ட் த்ரோ வகை உங்கள் வீட்டுக்கு இப்போது சரிவராது. அது குழந்தையின் இடுப்பு உயரத்தில், வாய் மேல்நோக்கித் திறந்தபடி உட்கார்ந்திருக்கும். எட்டிப் பார்க்கிற குழந்தையின் கண்ணுக்கு நேராக லேசர் ஒளி வரும். ஆள் நெருங்கினால் ஒளியைக் குறைக்கும் சென்சார் பல மாடல்களில் உண்டு. இருந்தாலும் குழந்தைகளை ஒளிக்கற்றையை உற்றுப் பார்க்க விடக் கூடாது என்று தயாரிப்பாளர்களே கையேட்டில் எச்சரிக்கிறார்கள். லென்ஸுக்குள் பொம்மையும் விரலும் போகும் என்பது வேறு. புரொஜெக்டர்தான் வேண்டுமென்றால் கூரையில் மாட்டுகிற சாதாரண வகை வாங்குங்கள். ஆனால் பொது அறை பகலில் வெளிச்சமாகத்தான் இருக்கும். வெளிச்சத்தில் புரொஜெக்டர் படம் வெளுத்துப்போகும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் சுவரில் மாட்டிய டிவிதான் உங்களுக்கு.

இனி ஸ்பீக்கர். தரையில் நிற்கும் டவர் ஸ்பீக்கர், ஸ்டாண்டில் உட்காரும் புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் இரண்டையும் மறந்துவிடுங்கள். நடை பழகும் குழந்தை எதைக் கண்டாலும் பிடித்துக்கொண்டு நிற்கும், ஒல்லியான ஸ்டாண்டு அதோடு சேர்ந்து வரும். சுவரில் திருகிப் பொருத்தும் ஆன்-வால் ஸ்பீக்கர், அல்லது சுவருக்குள் பதிக்கும் வகை நல்லது. உலோக வலை மூடி இருக்கிறதா என்று பாருங்கள். துணி மூடியின் வழியாக விரல் அழுத்தினால் ட்வீட்டரின் குவிமாடம் உள்ளே போய்விடும். பட்டு வகைக் குவிமாடத்தைச் சில சமயம் ஒட்டும் டேப்பால் மெதுவாக வெளியே இழுத்துவிடலாம், உலோகக் குவிமாடத்தில் தழும்பு நின்றுவிடும்.

பின் ஸ்பீக்கர்களில் மட்டும் உங்களுக்கு இயற்கையாகவே வசதி இருக்கிறது. டால்பி நிறுவனம் சொல்லும் 5.1 அமைப்பில் அவை உட்காரும் இடத்துக்குப் பக்கவாட்டில், திரையின் நடுவை 0 என்று கொண்டால் 90 முதல் 110 பாகைக்குள், காதுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். காதிலிருந்து அரை மீட்டர் மேலே என்று வைத்தால் தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் வந்துவிடும். ஒலிக்கும் அதுதான் சரி, பிள்ளைக்கும் எட்டாது. நடு ஸ்பீக்கரை அல்லது சவுண்ட்பாரை டிவியின் கீழ் விளிம்போடு ஒட்டிச் சுவரில் திருகிவிடுங்கள்.

சப்வூஃபர் கொஞ்சம் யோசிக்க வைக்கும். அது தரையில்தான் இருக்கும், குழந்தைக்கு ஏறி உட்காரச் சரியான உயரம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எங்கிருந்து வருகிறது என்று காதுக்குச் சரியாகத் தெரியாது. ஆகவே டிவிக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்றில்லை. சோஃபாவுக்குப் பின்னால், மூலையில், கனமான மேசைக்கு அடியில் வைக்கலாம். மூலையில் தள்ளினால் அதிர்வு கொஞ்சம் கூடும், அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். காற்று வெளியேறும் துளை உள்ள சப்வூஃபரை வாங்கினால் அந்தத் துளைக்குள் என்னென்னவோ போகும். துளையே இல்லாத சீல்டு வகை வாங்குங்கள், அதுவே நல்ல தீர்வு.

வயர்களில் இரண்டு ஆபத்து: கழுத்தில் சுற்றுவது, இழுத்துத் தள்ளுவது. தொங்குகிற வளையம் எங்கும் இருக்கக் கூடாது. திரைச்சீலையின் இழுகயிறும் இதில் சேர்த்தி. படம் பார்க்க இருட்டு வேண்டுமென்று புதிதாகப் பிளைண்ட் போடுகிறவர்கள் கயிறில்லாத வகை வாங்குங்கள். சுவரை உடைக்க முடியுமானால் வயர் போகிற கன்ட்யூட் பைப் புதைத்துவிடுங்கள். முடியாவிட்டால் மேலோடு ஒட்டும் பிவிசி கேசிங் போதும். பைப் 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். எச்டிஎம்ஐ கேபிளின் தலையே ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் அகலம். 25 மில்லிமீட்டர் பைப்பில் ஒரு வளைவு வந்தால் மாட்டிக்கொள்ளும். மின்சார வயரையும் சிக்னல் கேபிளையும் ஒரே பைப்பில் விடாதீர்கள். அலமாரி பக்கச் சுவரில் இருப்பதால் கேபிள் நீளமாகும். 5 மீட்டர் வரை நல்ல சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் போதும். அதைத் தாண்டினால் ஒளியிழை வைத்த ஆப்டிகல் வகை வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு. டிவி முனை எது, கருவி முனை எது என்று கேபிளிலேயே குறித்திருக்கும். பைப்புக்குள் விடும் முன் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

மின்சாரத்துக்கு எக்ஸ்டென்ஷன் போர்டு தரையில் கிடக்கவே கூடாது. டிவிக்குப் பின்னாலும் அலமாரிக்குள்ளும் தனித்தனி சாக்கெட் போடச் சொல்லுங்கள். கீழ் மட்டத்தில் உள்ள மற்ற சாக்கெட்டுகளை உள்ளே ஷட்டர் வைத்த வகைக்கு மாற்றுங்கள். சொருகுகிற பிளாஸ்டிக் மூடியை விட இது மேல், ஏனென்றால் குழந்தை பிடுங்கி வாயில் போட அதில் எதுவும் இல்லை. வீட்டு இணைப்பில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பதிலில் ஒன்றை மட்டும்தான் மனதில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: பட்டன் செல். சவுண்ட்பார், எல்இடி விளக்குப் பட்டை, சின்ன மீடியா பெட்டி ஆகியவற்றின் மெல்லிய ரிமோட்டில் சிஆர் 2025, சிஆர் 2032 என்று வட்டமான லித்தியம் செல் இருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். அது குழந்தையின் உணவுக்குழாயில் சரியாக மாட்டிக்கொள்ளும் அளவு. ஈரமான திசு பட்டதும் மின்சாரம் பாய்ந்து, அங்கேயே காரப் பொருள் உருவாகித் திசுவை அரிக்கத் தொடங்கும். இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான புண் ஏற்படலாம். ரிமோட் வேலை செய்யாத அளவுக்குத் தீர்ந்த செல்லிலும் அதற்கான மின்சாரம் மிச்சம் இருக்கும். அப்படிப்பட்ட ரிமோட்டை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். ஏஏஏ பேட்டரி போடுகிற, மூடியைத் திருகால் இறுக்குகிற ரிமோட் போதும். அல்லது கைபேசி செயலியால் இயக்குங்கள்.

விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எச்சில் வழிவது, சாப்பிட மறுப்பது, இருமல் இருக்கலாம். ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். ஒரு வயது நிறைந்த குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், போகும் வழியில் 10 மில்லி தேன் 10 நிமிடத்துக்கு ஒருமுறை, அதிகபட்சம் 6 முறை தரலாம் என்று அமெரிக்காவின் நேஷனல் கேபிடல் பாய்சன் சென்டர் வழிகாட்டுகிறது. ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடாது. தேன் தேடுவதற்காகக் கிளம்புவதைத் தாமதிக்கவும் கூடாது.

உட்காரும் சாமான்களையும் பாருங்கள். ரிக்ளைனர் நாற்காலியில் கால்பலகைக்கும் இருக்கைக்கும் நடுவில் குழந்தையின் தலையோ கையோ மாட்டும் இடைவெளி இருக்கிறது. மின்சார ரிக்ளைனர் என்றால் உபயோகம் முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பீன் பேக் வாங்கினால் ஜிப்பைப் பிள்ளை திறக்க முடியாதபடி பூட்டு உள்ளதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் தெர்மோகோல் மணிகள் மூக்கிலும் தொண்டையிலும் போய்விடும்.

கடைசியாக ஒலி அளவு. பலர் நினைக்காத விஷயம் இது. சினிமா அரங்கின் தரநிலையில் ஒவ்வொரு முதன்மை ஸ்பீக்கரின் உச்சமும் 105 டெசிபல் வரை போகலாம். சரியாக அளவிட்டு அமைத்த ரிசீவரில் 0 என்று காட்டுவது அந்த நிலைதான். குழந்தைகளின் காதுக்கு வாரம் 40 மணி நேரம், 75 டெசிபல் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் இயர்போன் போன்ற கருவிகளுக்குச் சொல்லும் வரம்பு. 3 டெசிபல் கூடினால் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகிறது. அதோடு குழந்தை உங்களைப் போல் சோஃபாவில் உட்காராது. ஸ்பீக்கருக்கு அரை மீட்டரில் விளையாடும். திறந்த வெளியில் தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். அறைக்குள் அதைவிடக் கொஞ்சம் குறைவாக. ஆகவே ரிசீவரில் உச்ச ஒலி அளவு என்ற அமைப்பைத் தேடி −20 அளவில் (அந்த 0-ஐ விட 20 டெசிபல் குறைவு) பூட்டிவிடுங்கள். ஆன் செய்யும்போது எந்த அளவில் தொடங்க வேண்டும் என்பதையும் தாழ்வாக வைத்துவிடுங்கள். உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் அமைப்பு டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரஷன், நைட் மோட் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் இரவில் அதை இயக்கி, நடு ஸ்பீக்கரை 2, 3 டெசிபல் ஏற்றினால் வசனம் தெளிவாகக் கேட்கும், வெடிச்சத்தம் தூங்குகிற பிள்ளையை எழுப்பாது.

டிவியில் ரகசிய எண் (PIN), வாங்குவதற்குத் தனிப் பூட்டு, அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்துவது, பக்கப் பொத்தான் பூட்டு ஆகியவற்றை முதல் நாளே செய்துவிடுங்கள். சின்னவருக்கு இப்போது திரையே தேவையில்லை. இரண்டு வயதுக்குக் கீழே திரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். அதனால் உங்கள் படம் பார்க்கும் நேரம் அவர் தூங்கிய பிறகுதான். இந்த நிலையில் முழு 5.1 இப்போதே தேவையில்லை. சுவரில் திருகிய நல்ல சவுண்ட்பாரும் மூலையில் ஒரு சீல்டு சப்வூஃபரும் போதும். ஆனால் சுவர் வேலை நடக்கும்போதே பின் ஸ்பீக்கர்களுக்கான பைப்பையும் புதைத்து, உள்ளே 1.5 சதுர மில்லிமீட்டர் ஸ்பீக்கர் வயரை விட்டு, இரண்டு முனையையும் மூடித் தகடு போட்டு அடைத்து வையுங்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து ரிசீவரும் ஸ்பீக்கரும் வாங்கும்போது சுவரை மறுபடி உடைக்க வேண்டியிருக்காது.